இறால் வால், ஜெல்லி மீன், கடல் அட்டை

கல்லில் ஓர் உருவம் தென்பட்டுவிட்டால், அது என்னவென்று கேளாமல் இருக்க மனிதனால் முடிவதில்லை. நம் வைஷ்ணவ கிருகங்களில் தலைமுறை தலைமுறையாகத் திருமஞ்சனம் கண்டு வரும் சாளக்கிராமங்களில் பலவும், நேபாள தேசத்துக் கண்டகி நதியின் உற்பத்திப் பிரதேசத்தில் கறுத்த ஷேல் பாறையிலிருந்து உதிர்ந்து ஆற்றோடு வந்தவைதாம். அவற்றினுள் காணப்படும் சக்கரம், பல கோடி வருஷங்களுக்கு முன் சமுத்திரத்தில் நீந்திய அம்மோனைட் என்னும் பிராணியின் சுருண்ட ஓட்டினுடைய சுவடு. அதன் துவாரத்தையும் ரேகைகளையும் நிறத்தையும் பரிசீலித்து, இன்னது லக்ஷ்மி நாராயணம், இன்னது நரசிம்மம் என்று பெயர்வரிசை வகுத்த நம் முன்னோர்கள், லட்சணம் பார்த்து வகை பிரிப்பதில் காட்டிய சிரத்தை, இன்றைய புதைபடிவ சாஸ்திரிகளின் சிரத்தைக்கு ஒரு மாற்றுக் குறைந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இப்படிப்பட்ட விஷயங்களில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டென்று தெரிந்த நண்பர்கள் சிலர், பெரம்பலூர்ப் பக்கம் காரை கிராமத்து வறண்ட ஓடைகளுக்குப் போய் வரும்போதெல்லாம், ஏதாவது ஒரு கல்துண்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஸார், இது என்ன பிராணி?" என்று கேட்கிறார்கள். அம்மோனைட்டாக இருந்தால் சொல்லிவிடுகிறேன். மற்றபடி, ஒரு துண்டைப் பார்த்து முழு உருவத்தைச் சொல்லிவிடுவது எத்தனை அபாயமான காரியம் என்பதற்கு ஷேல் பாறையிலேயே ஒரு பிரசித்தமான சரித்திரம் இருக்கிறது; கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியே அதைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு தடவை விஸ்தாரமாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றிற்று.

ஷேல் என்பது வேறொன்றுமில்லை. நீரடியில் படிந்த நுண்ணிய சேறு, மேலே மேலே வந்து விழுந்த படிவுகளின் பாரத்தினால் ஈரமெல்லாம் பிழியப்பட்டு, இறுகிக் கல்லாய்ப் போனது. உளியை ஓரத்தில் வைத்துப் பதமாகத் தட்டினால் ஏடு ஏடாகப் பிளக்கும். சாதாரணமாக அதில் அகப்படுபவை ஓடு, எலும்பு முதலிய கடினமான பாகங்களே. சதை அழுகி மறைந்துவிடும். ஆனால் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து யோஹோ தேசியப் பூங்காவில், கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பர்ஜெஸ் ஷேலில், ஏறத்தாழ 50 கோடியே 80 லட்சம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்த மெத்தென்ற உடம்புள்ள ஜந்துக்கள், கண்ணும் குடலும்கூடத் தெரியும்படி தங்கிவிட்டன. அக்காலத்துக் கடலடியில் ஒரு பெரிய பாறைச் சுவர் இருந்ததாகவும், அதன் அடிவாரத்தில் திடீர் திடீரென்று சரிந்த சேறு அங்கிருந்த பிராணிகளை அப்படியே மூடிவிட்டதாகவும், பிராணவாயு புகாத அந்தச் சேற்றில் அழுகல் மந்தப்பட்டுப் போயிற்றென்றும் சொல்லுகிறார்கள்.

தங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். பிராணியின் உடல் முழுவதும் நசுங்கித் தகடாகி, மெல்லிய கரிப்படலமாகக் கல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பின் மேல் கறுப்பு. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கல்லைக் கையில் ஏந்தி, வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு கோணத்தில் அந்தப் படலம் மட்டும் வெள்ளி போலப் பளிச்சிட்டு, கால்களும் முட்களும் ஒரு நிமிஷம் தோன்றி மறுபடி மறையும். தண்ணீரில் நனைத்தால் வேறு சில ரேகைகள் எழும்பும். கல் இரண்டாகப் பிளக்கும்போது, பிராணியின் ஒரு பங்கு இந்தப் பாதியிலும் மற்றொரு பங்கு அந்தப் பாதியிலுமாகப் பிரிந்துவிடும் என்பது இன்னொரு சங்கடம். இரு பாதிகளும் ஒரே பெட்டியில் சேர்ந்து வந்து சேரும் என்பதற்கும் நிச்சயமில்லை.

கதை பர்ஜெஸ் ஷேலில் ஆரம்பிக்கவில்லை. அதற்குச் சமீபத்தில் ஸ்டீபன் மலையில் ஆரம்பிக்கிறது. கனேடியப் பசிபிக் ரயில் பாதை போடப்பட்ட காலத்தில், ஃபீல்ட் என்னும் சிற்றூரில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், மலைச்சரிவில் 'கல் பூச்சிகள்' கிடக்கின்றன என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு 1886-ஆம் வருஷம் மேலே ஏறிய மக்கானல் என்ற பூகர்ப்ப சர்வே உத்தியோகஸ்தர், ட்ரைலோபைட் என்னும் ஓடுள்ள பண்டைக் கடற்பிராணிகளின் படிவங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். அந்த மூட்டையில் ட்ரைலோபைட் அல்லாத வேறொன்றும் இருந்தது: கணுக்கணுவாய் வளைந்து, ஒவ்வொரு கணுவின் உட்புறத்திலும் இரண்டிரண்டு முட்கள் தொங்க, ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில், சந்தையில் தலை கிள்ளி வைத்த இறாலைப் போலிருந்தது. 1892-இல் அதை ஆராய்ந்த வைட்டீவ்ஸ் என்பவர், இது இறாலினத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் வயிற்றுப் பாகம் என்று நிர்ணயித்து, அனோமலோகாரிஸ் கனடென்சிஸ் என்று நாமகரணம் செய்தார்.

இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கணுக்கள் இருந்தன, முட்கள் இருந்தன, வளைவும் இருந்தது. இல்லாதது தலை ஒன்றுதான். கிடைத்த மாதிரி ஒவ்வொன்றிலும் தலை இல்லாதிருந்தது என்பதைப் பின்வந்தவர்களும் கவனித்தார்கள். ஆனால் தலை எங்கேயோ தனியாகக் கழன்று கிடக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். 1928-இல் ஒருவர், வேறு கற்களில் தனியே கிடைத்த டூசோயியா என்னும் ஓட்டை இதற்கு மேலங்கியாகக் கொடுத்துப் பார்த்தார். அது நிலைக்கவில்லை.

அடுத்து வருபவர் சார்ல்ஸ் வால்காட். கல்லூரிப் படிப்பு ஏதுமின்றி, தம் முயற்சி ஒன்றினாலேயே அமெரிக்க பூகர்ப்ப சர்வேயின் தலைமைப் பதவிக்கும், பிறகு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தின் காரியதரிசிப் பதவிக்கும் உயர்ந்த அந்த மனிதர், 1909-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் பர்ஜெஸ் ஷேலைக் கண்டார். மனைவியின் குதிரை ஒரு கல்லில் இடறி நின்றதாகவும், இறங்கி அந்தக் கல்லைப் பிளந்ததும் புதையல் வெளிப்பட்டதாகவும் ஒரு கதை நெடுநாள் வழங்கி வந்தது. வால்காட்டின் தினக்குறிப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. நல்ல கதைகளுக்கு இப்படி ஒரு குதிரையாவது அகப்பட்டுவிடுகிறது.

அடுத்தடுத்த கோடைகளில் மனைவி மக்களோடு அந்த மலைச்சரிவில் கூடாரமடித்து, வெடி வைத்தும் உளி கொண்டும் பிளந்து, கடைசியில் 65,000-க்கு மேற்பட்ட கல்தகடுகளை வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். 1911-இல் அவர் வெளியிட்ட விவரணைகளில் நம் கதைக்கு வேண்டியவை மூன்று. ஒன்று, நடுவில் துவாரமும் சுற்றிலும் 32 தகடுகளும், அவற்றுள் நான்கு பெரியவை நான்கு திக்கிலுமாக அமைந்த ஒரு வட்டம்; அதை ஜெல்லி மீன் என்று கொண்டு பேய்டோயியா என்று பெயரிட்டார். இரண்டாவது, நீண்டு மங்கலாய்த் தெரிந்த ஓர் உடல். அது கடல் அட்டை என்று தீர்மானித்து லக்கானியா என்றார். மூன்றாவது, சீப்பைப் போலப் பற்கள் நீண்ட ஒரு கணுவுடைய அவயவம். அதைத் தம் குமாரன் சிட்னியின் பெயரால் வழங்கிய சிட்னேயியா என்ற வேறொரு பிராணியின் முன்னங்கால் என்று அதனோடு சேர்த்துவிட்டார்.

அந்த 1911-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில்தான் அவருடைய மனைவி ஹெலெனா ஒரு ரயில் விபத்தில் மாண்டு போனார். ஸ்தாபன நிர்வாகம் ஒரு பக்கம், இந்தத் துக்கம் ஒரு பக்கம். வால்காட் தம் கல்தகடுகளை நிதானமாகத் திரும்பிப் பார்க்கும் அவகாசத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்பார்த்துக்கொண்டேயிருந்து, அது கிட்டாமலே 1927-இல் காலமானார்.

அதற்குப் பிறகு தகடுகள் வாஷிங்டன் அலமாரிகளில் நெடுங்காலம் பெரும்பாலும் தீண்டுவாரின்றிக் கிடந்தன. 1966, 1967-ஆம் வருஷங்களில் கனடா பூகர்ப்ப சர்வே பழைய குழியை மறுபடி திறந்தபோது, அவ்வேலையில் பங்கு கொண்ட ஹாரி விட்டிங்டன், தாம் புதிதாய்ப் போய்ச் சேர்ந்த கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு அந்த ஜந்துக்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். அவருக்கு வாய்த்த மாணாக்கர் இருவர்: சைமன் கான்வே மாரிஸ், டெரெக் பிரிக்ஸ். குருவும் சிஷ்யர்களும் ஆளுக்கொரு வகையாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். நம் மர்மப் பிராணியின் துண்டுகளும் அந்தப் பங்கீட்டில் வெவ்வேறு கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

1978-இல் கான்வே மாரிஸ் லக்கானியாவை எடுத்துப் பார்த்தார். அதன் ஒரு முனையில் பேய்டோயியா வட்டம் பதிந்திருப்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அது வாயோ என்ற கேள்வி எழ வேண்டிய இடம் அது. அவரோ, கடற்பஞ்சு ஒன்றின் மேல் ஜெல்லி மீன் ஒன்று தற்செயலாக வந்து படிந்துவிட்டது என்று முடிவு செய்தார். இன்று இதைப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேற்றுச் சரிவில் அகப்பட்டு உருண்டு வந்த பிராணிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நசுங்கிக் கிடப்பது ஷேலில் சர்வ சாதாரணம். அப்படி விழுந்தவற்றைச் சேர்த்துத் தைத்து இல்லாத பிராணியைச் சிருஷ்டித்துவிடாமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். பாடத்தை ஒழுங்காகக் கற்ற மாணாக்கர் அந்தப் பாடத்தினாலேயே ஏமாந்தார் என்பதுதான் விசேஷம்.

மறு வருஷம், 1979-இல், பிரிக்ஸ் தம் பங்குக்கு வந்த இறால் வாலைப் பற்றி எழுதினார். முட்கள் கால்களாக இருந்தால் அவற்றுக்குக் கணு இருக்க வேண்டும், இல்லை. உடலாக இருந்தால் நடுவே குடல் ஓடிய சுவடு இருக்க வேண்டும், அதுவுமில்லை. ஆகையால் இது உடலே அன்று. இதைவிடப் பன்மடங்கு பெரிய ஏதோ ஒரு கணுக்காலியின் காலாகத்தான் இருக்க வேண்டும் என்றார். 87 வருஷங்களாகத் தேடிய தலை ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அப்போதுதான் நேரான விடை வந்தது. காலுக்கு ஏது தலை! அந்தப் பெரிய பிராணி எது என்பது மட்டும் பாக்கியாயிருந்தது.

அதை வெளிப்படுத்தியது யுக்தி அன்று, கைவேலை. 1980-களின் தொடக்கத்தில் விட்டிங்டன், இன்னதென்று விளங்காத ஒரு பெரிய கல்தகட்டை மேஜையின் மேல் வைத்துக்கொண்டு, பல் வைத்தியர்கள் உபயோகிக்கும் இனத்தைச் சேர்ந்த நுண்கருவியால் அதன் மேலேட்டை அணுவணுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். நசுங்கித் தகடான உடலானாலும், அதற்குள் மேலடுக்கு, கீழடுக்கு உண்டு. மேலே கிடக்கும் சேற்றுப் படலத்தை மயிரிழை கனம் எடுத்தால் அடியில் மறைந்த அவயவம் தலை நீட்டும். எடுத்த படலத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதனால், ஒவ்வொரு சுரண்டலுக்கு முன்னும் உள்ளதை உள்ளபடி சித்திரம் வரைந்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அப்படிச் சுரண்டிச் செல்லுகையில், உடலின் முன்முனையில் ஒரு கணுவுடைய கரம் எழுந்தது. அதற்கு இணையாக மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே, கீழ்ப்புறத்தில், தகடுகள் சூழ்ந்த அந்த வட்டம். ஜெல்லி மீன் என்று எழுபது வருஷங்களுக்கு முன் பெயர் வைத்தது ஒரு வாய். கடல் அட்டை, பிற்பாடு கடற்பஞ்சு என்று சொன்னது அந்த வாய்க்குரிய உடம்பு. கரங்கள் இரையைப் பற்றி வாய்க்குக் கொண்டு செல்லும் கரங்கள். 1985-இல் குருவும் சிஷ்யர் பிரிக்ஸும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், இருபுறமும் மடல் மடலாய்ச் சிறகுகள் அசைய நீந்தும் ஒரு பிராணி, அக்காலக் கடலின் மிகப் பெரிய ஜந்து என்ற விருதோடு உலகத்துக்கு அறிமுகமாயிற்று.

யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை இங்கே எல்லாருக்கும் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது; ஆனால் அந்தக் கதையின் குருடர்களுக்கு யானை முழுசாக, ஓரிடத்தில், உயிரோடு நின்றுகொண்டிருந்தது. இங்கேயோ தும்பிக்கை ஒரு மலையிலும் கால் ஒரு மலையிலும் கிடக்க, தடவியவர்களுக்குள் இடைவெளி ஒரு நூற்றாண்டு. அது மட்டுமன்று. பத்திரிகைகளிலும் பாடப் புத்தகங்களிலும், "இறால் வால், ஜெல்லி மீன், கடல் அட்டை என்று மூன்றாக நினைத்தது ஒரே பிராணி" என்று சுருக்கமாகவும் ரசமாகவும் எழுதுகிறார்களே, அதுவும் சரியன்று. ஒரு யானை என்று முடிவு கட்டிய இடத்தில் இரண்டு யானைகள் நின்றுகொண்டிருந்தன.

அது தெரிய வந்த வகை இதுதான். 1990-களில் டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ மியூசியத்தைச் சேர்ந்த டெஸ்மண்ட் காலின்ஸ் குழுவினர் தோண்டிய இடங்களில், விசிறி போன்ற வாலோடு அனோமலோகாரிஸ் முழு உடலாகவே கிடைத்தது. அதற்குரிய கரம் வைட்டீவ்ஸ் கண்ட 'இறால் வால்' என்பதில் ஐயமில்லை. ஆனால் 2012-இல் ஆலிசன் டேலியும் யான் பெர்க்ஸ்ட்ரோமும் அதன் வாயை நுணுகிப் பார்த்தபோது, நான்கு திக்கிலும் நான்கு பெருந்தகடுகள் கொண்ட பிரசித்தமான அந்த வட்டமாக அது இல்லை; மூன்று பெருந்தகடுகளும், இடையிடையே ஒழுங்கற்ற சிறு தகடுகளுமாக வேறு தினுசில் இருந்தது. ஆகவே, வால்காட்டின் ஜெல்லி மீனும், அவருடைய கடல் அட்டையும், சிட்னேயியாவின் தலையில் அவர் கட்டிய சீப்புக் கரமும் சேர்ந்து ஒரு பிராணி. வைட்டீவ்ஸின் இறால் வாலுக்கு உரியது அதன் தாயாதியான மற்றொரு பிராணி. பேய்டோயியா என்ற பெயர் முன்னதற்கு நிலைபெற்றது. லக்கானியா என்ற பெயர் வழக்கொழிந்தது.

இவ்விடத்தில் ஸ்டீபன் ஜே கூல்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சரித்திரத்தைப் பாமரரும் அறியச் செய்தது அவர் 1989-இல் எழுதிய 'வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற நூல்தான். அந்த உபகாரத்துக்கு நாமெல்லாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும், வால்காட் தாம் கண்டவற்றையெல்லாம் தமக்குத் தெரிந்த பழைய வகுப்புகளுக்குள் பலவந்தமாகத் திணித்தார் என்று அவர் அந்த நூலில் கூறும் குற்றச்சாட்டை என்னால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை. முன்பின் தெரியாத பொருளைத் தெரிந்த பொருளோடு ஒப்பிடாமல் ஆராய்ச்சி எங்கே ஆரம்பிக்கும்? கூல்டோ, இப்பிராணிகளில் பல இன்றுள்ள எந்த வகுப்பிலும் அடங்காத தனி விசித்திரங்கள் என்று எதிர்க்கோடிக்குப் போனார். இன்றைய அபிப்பிராயப்படி அனோமலோகாரிஸ் கூட்டம், நண்டும் தேளும் வண்டும் அடங்கிய கணுக்காலிகளின் வமிசத்தில், அடிமரத்தை ஒட்டிக் கிளைத்த ஒரு கிளை. திணித்தவருக்கும் திணிக்க மறுத்தவருக்கும் நடுவே உண்மை எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

அதே ஷேலில் கிடைத்த ஹல்லூசிஜீனியாவின் கதை இதைவிட வேடிக்கை. அந்தச் சின்னஞ்சிறு புழுவை, வால்காட் ஒரு சாதாரண முள்புழு என்று வைத்துவிட்டுப் போனார். 1977-இல் கான்வே மாரிஸ், விறைத்த முட்களைக் கால்களாக ஊன்றி, முதுகில் மெல்லிய குழல்கள் அசைய நடப்பதாகச் சித்திரித்தார். 1991-இல் ராம்ஷோல்டும் ஹௌ என்ற சீன விஞ்ஞானியும் சீனத்து யுன்னான் மாகாணத்துப் படிவங்களின் துணைகொண்டு அதைக் குப்புறத் திருப்பினார்கள்: முள் முதுகில், குழல்கள்தாம் கால்கள். அப்படியும் எந்த முனை தலை என்பது வழக்காகவே இருந்தது. 2015-இல் மார்ட்டின் ஸ்மித்தும் ழான் பெர்னார்ட் கரோனும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, தலை என்று அதுவரை காட்டப்பட்டு வந்த உருண்டை, செத்த உடல் நசுங்கியபோது பின்புறமாகப் பிதுங்கி வழிந்த கசிவு என்றும், எதிர்முனையில்தான் இரு கண்களும் பற்களும் இருக்கின்றன என்றும் தெரிவித்தார்கள். தலைகீழாகவும் முன்பின்னாகவும் இரண்டு தடவை திருப்பப்பட்ட பிராணி உலகத்தில் வேறு உண்டோ, அறியேன்.

அனோமலோகாரிஸ் விஷயமும் முடிந்துவிடவில்லை. தென் ஆஸ்திரேலியாவில் கங்காரு தீவின் ஈமு பே ஷேலில் கிடைத்த அதன் இனத்துக் கண் ஒன்றில் 16,000-க்கு மேற்பட்ட லென்சுகள் இருந்ததாக 2011-இல் எழுதினார்கள். இரையைத் துரத்திப் பிடிக்கத் தகுந்த பார்வை அது. ட்ரைலோபைட்டுகளின் ஓட்டை உடைத்துத் தின்றது இதுதான் என்று வெகுநாள் சொல்லி வந்தார்கள். 2023-இல் அந்தக் கரங்களின் வலுவைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், கெட்டியான ஓட்டை நசுக்கினால் கரமே சேதப்பட்டுவிடும், நீரில் நீந்தும் மென்மையான இரையைப் பற்றுவதற்கே அது ஏற்றது என்கிறார்கள். ட்ரைலோபைட் கட்சி இன்னும் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை.

மொராக்கோ தேசத்தில், சாகோரா பக்கத்துப் பாலைவனத்தில், முகமது பென் மூலா என்ற உள்ளூர்ச் சேகரிப்பாளர் கண்டெடுத்த படிவங்கள் எல்லாவற்றையும்விட உபயோகமாயின. அங்கே அனோமலோகாரிஸ் கூட்டத்துப் பிராணி ஒன்று தகடாக நசுங்காமல் கல்முண்டுக்குள் கன பரிமாணத்தோடு தங்கியிருந்தது. இரண்டு மீட்டர் நீளத்தில், கரங்களின் முட்கள் வடிகட்டும் சல்லடையாக மாறிய, நுண்ணுயிர்களை அரித்துத் தின்னும் ஒரு சாதுவான ராட்சதன். ஏஜிரோகாசிஸ் பென்மூலே என்று அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். அதன் ஒவ்வொரு உடற்கணுவிலும் சிறகு மடல்கள் ஒரு வரிசையாக இல்லாமல், மேலும் கீழுமாக இரண்டு வரிசை இருந்தன. கணுக்காலிகளின் இரு கிளையுள்ள கால் உண்டான வழியை விளக்க அது பெரிய சான்றாயிற்று. இதை 2015-இல் வெளியிட்ட மூவரில் ஒருவர், 36 வருஷங்களுக்கு முன் இறால் வாலைக் கால் என்று சொன்ன அதே டெரெக் பிரிக்ஸ். மொராக்கோக் கல்லில் இரண்டாவது வரிசையைக் கண்ட பிறகு அவர்கள் பர்ஜெஸ் ஷேலின் பழைய பேய்டோயியாத் தகடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் அந்த வரிசை இருந்தது.